சாவி கொடுத்தல்

அப்பாவைப் பக்கவாதம் தாக்கி, மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு அழைத்துவந்த அன்றே அவர் கேட்டது வாட்சைத்தான். நின்றுபோயிருந்தது. இரண்டு தட்டுத் தட்டினேன், முள் நகர்ந்தது. நேரம் வைக்காமலேயே அவருடைய இடது கையில் கட்டிவிட்டேன். அசையாத கை அதுதான். கொஞ்ச நேரத்தில் மறுபடியும் நின்றுவிட்டது.

“பேட்டரி போயிருச்சு போல” என்றாள் தங்கை.

அதில் பேட்டரியே கிடையாது. சிட்டிசன் ஆட்டோமேட்டிக். 1984-இல் அப்பா தம்மாமில் ஃபிட்டராக இருந்தபோது வாங்கியது. மேலூர்ப் பக்கம் எங்கள் ஊருக்கு விடுமுறையில் வந்தவர், அதைக் கட்டிக்கொண்டே கால்வாயில் குதித்துக் காட்டினாராம். தாத்தாவிடம் இருந்தது எச்எம்டி ஜனதா. தினமும் காலையில் காபி குடித்துவிட்டு அதற்குச் சாவி கொடுப்பார். “எனக்கு அந்த வேலையே இல்ல, கையில கிடந்தாப் போதும், அதுவா ஓடும்” என்று அப்பா பீற்றிக்கொள்வாராம். எச்எம்டி 1961-இல் பெங்களூரில் வாட்ச் செய்ய ஆரம்பித்ததே சிட்டிசன் கம்பெனியின் துணையோடுதான். அந்த வகையில் இரண்டு வாட்சும் பங்காளிகள்.

அதுவா ஓடும் என்பது முழு உண்மையில்லை. உள்ளே அரைவட்டமாக ஒரு எடை, நடுவில் மாட்டியிருக்கிறது. நாம் கைவீசி நடக்கும்போது, சோறு பிசையும்போது, கொசு அடிக்கும்போது அது சுழலும். அந்தச் சுழற்சிதான் சுருள்வில்லை முறுக்குகிறது. முழுக்க முறுக்கேறிவிட்டால் வில்லின் வெளிமுனை வழுக்கிக்கொடுக்கும், அறுந்துபோகாது. கழற்றி வைத்தால் ஒன்றரை நாள் போல ஓடும். நாற்பது வருஷமாக அப்பாவின் கையிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக வாங்கித்தான் அது ஓடியிருக்கிறது. இப்போது கொடுக்க அந்தக் கையில் ஒன்றும் இல்லை.

சாவியை இழுத்துப் பார்த்தேன். வரவில்லை. கட்டிலில் சாய்ந்திருந்த அப்பா குழறலாகச் சொன்னார்: “இழுக்காத. மரை.”

பாட்டில் மூடி மாதிரி இடப்பக்கமாகத் திருகினால் நாலைந்து சுற்றில் சாவி துள்ளி வெளியே வருகிறது. பிறகு வலப்பக்கமாகத் திருகினால் வில் ஏறும், கிர்ர் என்று விரல் நுனியில் தெரியும். முப்பது சுற்று கொடுத்து, முள்ளைத் திருப்பி நேரம் வைத்தேன். மூடுவதுதான் சிரமம். அழுத்திக்கொண்டே திருக வேண்டும், மரை மாறி ஏறினால் கெட்டது. அப்பாதான் சொல்லிக்கொடுத்தார்: “மொதல்ல பின்னாடி திருப்பு. டக்குனு ஒக்காரும். அப்புறம் முன்னாடி. எந்த நட்டுக்கும் அதான்.” விழுந்த பிறகு அவர் பேசிய மிக நீளமான பேச்சு அது.

தினமும் காலையில் சாவி கொடுக்கத் தொடங்கினேன். பார்க்க வந்தவர்களெல்லாம், “பையன் எப்படிக் கவனிச்சுக்கிறான் பாரு” என்றார்கள். எனக்கும் அப்படித்தான் இருந்தது.

இரண்டு மாதம் கழித்துச் சாவி பிடிமானம் இல்லாமல் சுற்ற ஆரம்பித்தது. டவுன்ஹால் ரோட்டில் வாட்ச் ரிப்பேர் செய்யும் அண்ணனிடம் கொண்டுபோனேன். கண்ணில் லென்ஸை மாட்டிப் பார்த்தார்.

“தெனமும் தொறக்குறியா தம்பி?”

“ஆமாண்ணே. சாவி கொடுக்க.”

“இது தெனமும் தொறக்குற கதவு இல்லப்பா. தண்ணி, தூசி போகாம இருக்கத்தான் மரை வச்சிருக்கான். தொறந்து தொறந்து மூடுனா மரையும் தேயும், உள்ள இருக்க ரப்பர் வாசரும் போகும். இதுக்குக் கை ஆடணும். அதான் சாவி.”

பிறகு இதைப்பற்றித் தேடிப் படித்தேன். அந்தக் காலத்து வாட்சுக்குள் தூசியும் ஈரமும் நுழையும் முக்கிய வழி சாவித் துளை. ரோலெக்ஸ் 1926-இல் ஆய்ஸ்டர் மாடலில் அதற்கு மரை போட்டு அடைத்தது. ஆனால் சாவி கொடுக்கத் தினமும் அந்த மரையைத் திறந்தாக வேண்டும். ஜான் ஹார்வுட் என்ற ஆங்கிலேய வாட்ச் மெக்கானிக் வேறு மாதிரி யோசித்தார். கை அசைவிலேயே ஓடும் கைக்கடிகாரத்துக்கு 1924-இல் காப்புரிமை வாங்கி, பக்கவாட்டுச் சாவியையே எடுத்துவிட்டார். கண்ணாடியைச் சுற்றியுள்ள வளையத்தைத் திருப்பித்தான் அதில் நேரம் வைக்க வேண்டும். 1931-இல் ரோலெக்ஸ் முழு வட்டமாகச் சுழலும் எடையை மரைச் சாவியோடு சேர்த்தது. கை ஆடும்வரை மரையைத் திறக்க வேண்டியதில்லை. அப்பாவின் வாட்ச் அந்த வம்சம்.

அண்ணன் வாசர் மாற்றிக் கொடுத்தார். தேய்ந்த மரைக்கு ஒன்றும் செய்வதற்கில்லை, இனி பார்த்துத் திறக்கச் சொன்னார். “வலது கையில கட்டிவிடு, ஓடும்” என்றார். சுலபமான வழி. அப்பா ஒத்துக்கொள்ளவில்லை.

“அந்தக் கை இருக்குறதே எனக்கு மறந்துருதுடா. வாட்ச் கெடந்தா கண்ணு அங்கிட்டுப் போகுது.”

பிசியோதெரபிக்கு வரும் அக்காவிடம் சொன்னேன். மூளையின் வலப்பக்கம் அடிபட்டால் சிலருக்கு உடம்பின் இடப்பக்கமே நினைவிலிருந்து நழுவும் என்றார். பிறகு நேராகக் கேட்டார்: “காலையிலயும் சாயங்காலமும் அரைமணி நேரம் கையை அசைச்சு விடச் சொன்னேனே, செய்றீங்களா?”

செய்யவில்லை. ஐந்து நிமிடம் ஏதோ ஒப்புக்குச் செய்துகொண்டிருந்தேன். வாட்சைக் கழற்றிச் சாவி கொடுப்பது சுத்தமான வேலை, கண்முன்னே பலன் தெரியும். அப்பாவின் கையைப் பிடிப்பது அப்படியில்லை. சின்ன வயதில் சித்திரைத் திருவிழாக் கூட்டத்தில் பிடித்தது, அதற்குப்பிறகு நான் அந்தக் கையைத் தொட்டதாகவே ஞாபகமில்லை. அது கனமாக இருந்தது, குளிர்ந்திருந்தது. எனக்குப் பயமாகவும் இருந்தது. அந்தப் பயத்தை முப்பது சுற்றுச் சாவியில் ஒளித்துவைத்திருந்தேன்.

அன்று சாயங்காலம் வாட்சைக் கழற்றாமலேயே ஆரம்பித்தேன். தோளைத் தாங்கிப் பிடித்து மெதுவாக மேலே, கீழே. முழங்கையை மடக்கி நீட்டினேன். மணிக்கட்டை அங்கிட்டும் இங்கிட்டும் திருப்பும்போது உள்ளே எடை உருளும் சத்தம் கேட்டது. அப்பாவுக்கும் கேட்டது.

“ஏறுதா?” என்றார்.

“ஏறுதுப்பா.”

இரண்டு வேளையும் ஒழுங்காகச் செய்தால் அநேகமாக மறுநாள் காலைவரை ஓடிவிடுகிறது. ஒருவேளை டிமிக்கி கொடுத்தால் விடிவதற்குள் நின்றுவிடும். முள் எங்கே நின்றிருக்கிறது என்று பார்த்துவிட்டு, இட்லியைப் பிட்டுக்கொண்டே “நேத்து ஏமாத்திட்ட” என்பார். நின்றுபோனால் நேரம் வைக்க மரையைத் திறந்தாக வேண்டும். அந்த மரை இன்னும் எத்தனை முறை தாங்கும் என்று எங்கள் இரண்டு பேருக்குமே சந்தேகம்தான்.

கை இன்னும் எழவில்லை. ஆறாவது மாதம் நடுவிரல் லேசாக மடங்கியது, அவ்வளவுதான். வாட்சும் வாரத்தில் சில நிமிடம் பிந்துகிறது. தினம் சரிசெய்வதில்லை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் திறந்து நேரம் வைக்கிறோம். மூடுவதற்கு அவரே கைநீட்டுவார். நான் வாட்சைப் பிடித்துக்கொள்வேன், அவர் வலது கை விரல்களால் சாவியை அழுத்தி முதலில் பின்னால் திருப்புவார். டக்கென்று உட்கார்ந்ததா என்று இரண்டு பேரும் காதைக் கொடுத்துக் கேட்போம்.