கார்த்திகையில் மூடும் விரிசல்

வீட்டை விற்றுவிடுவது என்று தீர்மானம் செய்தவுடனே, வாங்குகிறவர் வருவதற்கு முன்னால் இரண்டு பேர் வந்து சேருகிறார்கள். ஒருவர் தரகர்; மற்றவர் தரகரின் சிநேகிதரான பெயிண்டர். "அண்ணாச்சி! இருக்கிற கோலத்தில் காட்டினால் வீடு விலை போகாது. இரண்டு கோட் பெயிண்ட் அடித்து நிறுத்துங்கள், அப்புறம் பாருங்கள்" என்று முன்னவர் சொல்ல, பின்னவர் வர்ண அட்டையை விரிக்கிறார். விருதுநகரில் எங்கள் தகப்பனார் கட்டிய வீட்டிலும் சென்ற ஐப்பசியில் இந்தச் சம்பிரதாயம் குறைவின்றி நடந்தேறியது.

தரகர் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. விருதுப்பட்டியாக இருந்த ஊரே 1923-ல் விருதுநகர் என்று பெயரைப் புதுப்பித்துக்கொண்டது. ஊர் செய்ததை வீடு செய்யக் கூடாதா? பொங்கலுக்கும் கல்யாணத்துக்கும் வெள்ளையடிக்கிறோம். விற்பனைக்கு அடித்தால் என்ன? புதிதாகக் குடி வருகிறவர்கள் கரி பிடித்த சமையலறையில் பால் காய்ச்ச வேண்டும் என்பது என்ன தர்மம்? ஆகையால் வர்ணம் பூசுவதில் எனக்கு ஆட்சேபம் இருக்கவில்லை. ஆட்சேபம் மேற்குச் சுவரில் ஆரம்பமாயிற்று.

அந்தச் சுவரைப் பற்றிச் சற்று விவரமாகவே சொல்ல வேண்டும். எங்கள் ஊரைச் சுற்றியிருப்பது கரிசல் மண். பருத்திக்கு அது தாய், அஸ்திவாரத்துக்கு மாற்றாந்தாய். மழைக் காலத்தில் தண்ணீரைக் குடித்து உப்பும். கோடையில் வற்றிச் சுருங்கிப் பாளம் பாளமாக வெடிக்கும். மேலே நிற்கும் வீடும் அதனோடு கூட ஏறி இறங்க வேண்டியதுதான். அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்க் கற்று வந்த தீப்பெட்டித் தொழில், இந்தப் பக்கத்து வறண்ட காற்றின் தயவில்தான் 1923 முதல் சிவகாசியில் வேரூன்றியது. பின்னால் பட்டாசும் வந்தது. தீக்குச்சி காய்வதற்கு வெகு அனுகூலமான அந்த வெயில், சுவர்களுக்கு அவ்வளவு அனுகூலமாக இல்லை. எங்கள் மேற்கு அறையில் ஜன்னல் மூலையிலிருந்து ஒரு விரிசல் சாய்வாக ஏறுகிறது. சித்திரையில் அதில் ஒரு ரூபாய் நாணயத்தைச் செருகி நிறுத்தலாம். கார்த்திகையில் மண் உப்பியதும் தலைமயிர் கனத்துக்கு மூடிக்கொள்ளும்.

எங்கள் ஜில்லாவில் விரிசலுக்குக் கைகண்ட வைத்தியம் சிவகாசிக் காலண்டர். முருகனும் லக்ஷ்மியும் வருஷத்துக்கு ஒருவராக முறை வைத்து எங்கள் விரிசலைக் காத்து வந்தார்கள். தரகர் காலண்டரைத் தூக்கிப் பார்த்தார்.

"கார்த்திகை வரையில் பொறுங்கள், அண்ணாச்சி. தானே மூடிக்கொள்ளும். உடனே பட்டி பார்த்து, மேலே பிளாஸ்டிக் பெயிண்டை அடித்துவிட்டால் பிரம்மதேவனாலும் கண்டுபிடிக்க முடியாது. தை மாதம் பத்திரம்!" என்றார்.

1882-ஆம் வருஷத்துச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 55-வது பிரிவு இந்த விஷயத்தைப் பேசுகிறது. சொத்திலுள்ள முக்கியமான குறை ஒன்று விற்பவனுக்குத் தெரிந்து, வாங்குகிறவனுக்குத் தெரியாமல், அவன் சாதாரண ஜாக்கிரதையோடு பார்த்தாலும் கண்டுபிடிக்க முடியாததாக இருந்தால், விற்பவன் அதைச் சொல்லியே தீர வேண்டும். சொல்லாமல் விடுவது மோசடி. சித்திரையில் வருகிறவன் கண்ணைத் திறந்தாலே போதும், விரிசல் தெரியும். கார்த்திகையில் வருகிறவனுக்கு எப்படித் தெரியும்? ஆக, ஒரே விரிசல் கோடையில் வாங்குகிறவன் பொறுப்பு, மழையில் விற்கிறவன் பொறுப்பு! இதைத் தரகருக்கு எடுத்துச் சொன்னேன். "கோர்ட்டுக்கு யார் போகப் போகிறார்கள்?" என்று அவர் கேட்டார். அதுவும் வாஸ்தவந்தான்.

நிற்க. விற்கும் பணத்தில் பாதி என் தமக்கையினுடையது. கடைசி வரையில் அந்த வீட்டில் குடியிருந்தவள் அவள்தான். இனி மதுரையில் மகன் வீட்டோடு இருக்க வேண்டும். அங்கே போகும்போது தன் கையில் நாலு காசு இருக்க வேண்டும் என்பது அவள் எண்ணம். விரிசலைச் சொன்னால் எனக்கு நஷ்டம், அவளுக்குக் கஷ்டம். ஆகவே முடிவை அவளிடமே விட்டேன். அவள் யோசிக்கவே இல்லை.

"மேற்கு அறையில்தானே தம்பி, காற்றுக்காகப் பிள்ளைகளைப் படுக்க வைப்பார்கள்? சொல்லிவிடு. பெயிண்டும் வேண்டாம், சுண்ணாம்பு அடிக்கச் சொல்" என்றாள்.

அவள் சொன்னதில் சாஸ்திரமும் இருக்கிறது. பழைய சுண்ணாம்புக் காரைச் சுவர் தரையிலிருந்து ஈரத்தை உறிஞ்சும்; உறிஞ்சியதை வெளியே விட்டாக வேண்டும். பிளாஸ்டிக் பெயிண்ட் அதன் வாயைக் கட்டிவிடுகிறது. பிறகு உப்புப் பூத்து, பெயிண்ட் அப்பளம் போலக் கிளம்பும். சுண்ணாம்போ ஈரத்துக்கு வழி விடும். சூளையில் வெந்த கல் தண்ணீரில் நீறி, சுவரில் ஏறிய பிறகு காற்றிலுள்ள கரியமில வாயுவை வாங்கி மறுபடியும் கல்லாகிறது. அதோடு, அதற்கு மறைக்கத் தெரியாது. சுவர் அசைந்தால் கூடவே வெடித்து உள்ளதைக் காட்டிக் கொடுத்துவிடும். எங்கள் ஜில்லாவில் சுண்ணாம்புக் கல்லுக்குக் குறைவும் இல்லை, ஆர்.ஆர். நகர் சிமெண்டு ஆலை அதை நம்பி வந்ததுதான்.

மார்கழியில் அக்காவே மேற்பார்வை பார்த்தாள். சுண்ணாம்பைத் தொட்டியில் நீற்றி, துணியில் வடிகட்டி, கஞ்சியும் ஒரு சிட்டிகை நீலமும் கலக்கச் செய்தாள். சுவரை நனைக்காமல் மட்டையைத் தொடக் கூடாது என்று ஆளை இரண்டு தடவை அதட்டினாள். உலர்ந்த சுவர் நீரை இழுத்துக்கொண்டால் சுண்ணாம்பு மாவாக உதிரும்.

விரிசல் கதையைக் கேட்டதும் முதலில் வந்த இரண்டு பேர் எழுந்து போய்விட்டார்கள். மூன்றாமவர் சாத்தூர்ப் பக்கத்துக்காரர். "கரிசலில் வெடிக்காத சுவரா?" என்று சிரித்தார், சிரித்துக்கொண்டே எண்பதாயிரம் ரூபாயைக் குறைத்தும்விட்டார். தரகருக்குக் கமிஷனில் கை வைத்ததாக என்மேல் இன்றும் கோபம். அக்கா தன் நாற்பதாயிரத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. வந்தவரின் மனைவி சுவரைத் தடவிப் பார்த்து, "நீலம் எவ்வளவு போட்டீர்கள், அக்கா?" என்று கேட்டாள். மீதிச் சுண்ணாம்பு இருந்த தொட்டியைக் காட்டுவதற்காக இருவரும் கொல்லைப்புறம் போனார்கள்.