குரலைக் கேட்டால் ஆள் தெரியும்

வாசலில் செருப்புச் சத்தம் கேட்டதுமே வந்தது யார் என்று சொல்லிவிடுகிற வீடுகள் கிராமத்தில் உண்டு. கொல்லைப்புறத்துக்கும் தினமும் பத்துப் பதினைந்து பேர் வந்து போகிறார்கள். அவர்கள் பறவைகள். பலரும் இலை மறைவில் இருப்பதால் முகம் பார்ப்பது கடினம். ஆனால் குரல் மறைவதில்லை. புழு பிடிப்பது யார், எலி பிடிப்பது யார் என்பதைக் காதாலேயே தெரிந்துகொள்ளலாம். அப்படித் தெரிந்த விவசாயி, மருந்து வாங்கக் கடைக்குப் போகும் முன் ஒரு தடவை யோசிப்பார்.

பகலில் வேலை பார்ப்பவர்கள்

விடியலில் முதலில் குரல் கொடுப்பவர்களில் ஒருவர் கரிச்சான். இரட்டைவால் குருவி என்றும் சொல்வார்கள். இருட்டு முழுதாக விலகுவதற்கு முன்பே கூர்மையாக இரண்டு அசையில் கத்தும். வெட்டுக்கிளி, அந்துப்பூச்சி என்று பறக்கிற பூச்சிகளை அந்தரத்திலேயே பிடிக்கும். உயரமான இடத்தில் உட்கார்ந்து பார்த்துப் பாய்வது இதன் வழக்கம். நெல்வயலில் ஏக்கருக்கு 20 இடங்களில் 'டி' வடிவக் குச்சி நடச் சொல்வது இதற்காகத்தான். பால் பிடிக்கும் பருவத்தில் குச்சிகளை எடுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் கதிர் தின்னும் பறவைகளுக்கும் அதுவே இருக்கையாகிவிடும். கரிச்சானிடம் ஒரு குறும்பு உண்டு. வல்லூறின் குரலை அப்படியே எடுத்துக் கத்தும். எனவே குரலை மட்டும் நம்பாமல், முதல் சில நாட்கள் கண்ணாலும் பார்த்து உறுதி செய்ய வேண்டும்.

எலுமிச்சை, செம்பருத்திச் செடிக்குள் இருந்து 'டுவீ... டுவீ... டுவீ...' என்று காதைத் துளைக்கிற குரல் வந்தால் அது தையல்சிட்டு. உள்ளங்கைக்குள் அடங்குகிற உடம்பு. சத்தமோ பக்கத்து வீட்டுக்குக் கேட்கும். இலைகளைச் சேர்த்துத் தைத்துக் கூடு கட்டும். இலைக்கு இலை தாவிச் சின்னப் பூச்சிகளையும் புழுக்களையும் பொறுக்கும்.

பலரும் குழம்புவது 'ஊப் ஊப்' என்ற ஒலியில்தான். குடத்துக்குள் இருந்து வருவது போல ஆழமாக, பல தடவை தொடர்ந்து வந்தால் அது செம்போத்து. வேலியோரப் புதரில் நத்தை, புழு, சின்ன எலி எல்லாம் பிடிக்கும். மெதுவாக இரண்டு மூன்று தடவை மட்டும் ஒலித்து நின்றால் அது கொண்டலாத்தி. நீண்ட அலகை மண்ணில் குத்தி, உள்ளே இருக்கும் புழுவையும் கூட்டுப்புழுவையும் எடுத்துத் தின்னும்.

தவிட்டுக்குருவிகள் கூட்டமாகத் திரியும். சாதாரணமாகவே கீச்சுமூச்சென்று பேசிக்கொண்டிருக்கும். திடீரென்று எல்லாம் ஒரே இடத்தைச் சுற்றி நின்று கரகரவென்று கத்தினால், அங்கே பாம்போ பூனையோ இருக்கிறது என்று பொருள். விறகு எடுக்கப் போகிறவர்கள், பிள்ளைகளைக் கொல்லையில் விளையாட விடுகிறவர்கள் இந்த ஒரு குரலையாவது கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஆள்காட்டி தரிசு நிலத்தில் தரையிலேயே முட்டையிடும். பெரும்பாலும் நாலு முட்டை. உழுகிற டிராக்டரைச் சுற்றிச் சுற்றிக் கத்துகிறது என்றால் கூடு பக்கத்தில் இருக்கிறது. அந்த இடத்தில் ஒரு குச்சியை நட்டு, இரண்டு முழம் விட்டு உழுதால் போதும்.

இரவில் வருபவர்கள்

லால்குடி பக்கத்துக் கிராமம் ஒன்றில் பார்வை மங்கிப்போன ஓர் அம்மா இருக்கிறார். எழுபது வயதைத் தாண்டியவர். மகன் இரண்டு ஏக்கரில் சம்பா நடுகிறார். அம்மா திண்ணையில் உட்கார்ந்தபடியே எந்தக் குருவி எந்த மரத்தில் இருக்கிறது என்று சொல்வார். அவர்கள் வயலோரம் இடிந்த மோட்டார் கொட்டகையில் ஒரு ஜோடிக் கூகை குடியிருந்தது. ஒரு வருடம் கதிர் வரும் நேரத்தில் எலித் தொல்லை அதிகமானது. கொட்டகையைச் சுத்தம் செய்து எலி மருந்து வைக்கலாம் என்று மகன் நினைத்தார்.

"கூகை கத்துனா வீட்டுக்கு ஆகாதுங்கிறாங்கம்மா. கூட்டையும் சேர்த்துக் கலைச்சிடட்டுமா?"

"நாலு வருசமா கத்துதுப்பா. யாருக்கு என்ன ஆச்சு? அது கத்தாத ராத்திரியிலதான் வரப்புல எலி கீச்சுக் கீச்சுங்குது. அத வெரட்டிட்டு நீ போய் ராத்திரி எலி புடிப்பியா?"

அம்மா கேட்டதில் நியாயம் இருக்கிறது. கூகையின் முக்கிய உணவே எலிதான். எலியை முழுதாக விழுங்கிவிட்டு, எலும்பையும் ரோமத்தையும் உருண்டையாகக் கக்கிவிடும். கூட்டின் கீழே கிடக்கும் உருண்டையை உடைத்துப் பார்த்தால் எலி மண்டை ஓடுகளை எண்ணலாம். கூகையின் குரல் 'கிறீச்' என்ற வீறிடல். குஞ்சுகள் 'உஸ்ஸ்' என்று மூச்சு விடுவது பாம்பு சீறுவது போல இருக்கும். அதற்குப் பயந்துதான் பல இடங்களில் கூட்டைக் கலைக்கிறார்கள். அந்தி நேரத்தில் மரப்பொந்தருகே இரண்டு பேர் சண்டை போடுவது போலக் கிரீச்சிட்டால் அது புள்ளி ஆந்தை. அதுவும் பூச்சியும் சுண்டெலியும் தின்னும்.

எலி மருந்திலும் ஒரு சிக்கல் இருக்கிறது. புரோமடியோலோன் போன்ற ரத்தம் உறையாமல் செய்யும் மருந்தைத் தின்ற எலி உடனே சாகாது. சில நாட்கள் தளர்ந்துபோய் வெளியில் திரியும். ஆந்தைக்கு அதுதான் சுலபமான இரை. எலிக்கு வைத்தது ஆந்தையின் உடம்பிலும் சேர்ந்துவிடும்.

அந்த மகன் மருந்தை நிறுத்திவைத்தார். வரப்பில் தஞ்சாவூர் கிட்டி வைத்தார். வயலுக்குள் ஆந்தை உட்காரத் தென்னை மட்டைகளை நட்டார். வரப்பைச் சிறிதாக்கி வளைகளை வெட்டி மூடினார். எலி அடியோடு ஒழிந்துவிடவில்லை. ஆனால் அந்த வருடம் மருந்துச் செலவு இல்லாமல் அறுவடை முடிந்தது. கொட்டகையில் குஞ்சுகளின் சீறலும் நிற்கவில்லை.

எப்படிப் பழகுவது?

காலை ஆறு மணிக்குக் கொல்லையில் பத்து நிமிடம் பேசாமல் உட்கார்ந்தால் போதும். வாரத்துக்கு ஒரு குரல் என்று வைத்துக்கொள்ளலாம். கேட்டதைச் சொந்த வார்த்தையில் எழுதிவைப்பது நல்லது. ஒரு வீட்டில் 'டுவீ' என்பது இன்னொரு வீட்டில் 'சுவீட்' என்று கேட்கும். அதில் தவறில்லை. பிள்ளைகளிடம் கைபேசி இருந்தால், அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்துப் பறவை ஆய்வகம் இலவசமாகத் தரும் 'மெர்லின்' செயலி குரலைக் கேட்டுப் பெயர் சொல்லும். அதுவும் சில சமயம் தவறும். பறவையைப் பார்த்து ஒத்துப்பார்க்க வேண்டும். பொங்கல் நாட்களில் தமிழகமெங்கும் நடக்கும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பில் கொல்லைப்புறத்தில் இருந்தபடியே கலந்துகொள்ளலாம்.

ஒரு குரல் நின்றுவிட்டால் உடனே பயப்பட வேண்டியதில்லை. பங்குனி, சித்திரையில் ஓயாமல் கூவும் குயில் குளிர்காலத்தில் பெரும்பாலும் வாய் திறக்காது. ஊரில்தான் இருக்கும். ஆறுமணிக் குருவி பனிக்காலத்துக்கு மட்டும் வடக்கிலிருந்து வந்து, காலையிலும் மாலையிலும் ஆறு மணி வாக்கில் சீட்டியடிக்கும். அதனால் மாதத்தோடு சேர்த்து எழுத வேண்டும். பால் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கமே போதும்.

அடுத்த வருடம் அதே மாதத்தில் அந்தப் பக்கத்தைத் திருப்பினால் யார் வரவில்லை என்பது தெரியும். கரிச்சானும் கொண்டலாத்தியும் பட்டியலில் இல்லை என்றால், அந்த வருடம் என்ன மருந்து அடித்தோம், குருணை மருந்தை மண்ணின் மேலாகவே தூவிவிட்டோமா, வேலியை முழுக்க வெட்டிவிட்டோமா என்று வீட்டில் உட்கார்ந்து பேச வேண்டும். மண்மேல் கிடக்கும் குருணையைத் தானியம் என்று நினைத்துப் பொறுக்கும் பறவைகள் உண்டு. அடுத்த போகத்துக்கு மருந்து வாங்கும் முன் இந்தப் பேச்சு முடிந்திருந்தால் நல்லது.