பெயரைக் காப்பாற்றுவது

குழந்தைக்கு வீட்டில் ஒரு பெயர், பள்ளிக்கூடத்தில் ஒரு பெயர், பாட்டி கூப்பிட ஒரு பெயர் என்று மூன்று இருக்கலாம். அதனால் யாருக்கும் நஷ்டமில்லை. எந்தப் பெயரைச் சொன்னாலும் ஓடி வந்துவிடும். ஸ்தாபனங்கள் அப்படி ஓடி வருவதில்லை. நாம்தான் அவற்றைத் தேடிக்கொண்டு போக வேண்டும். அப்போது கையில் இருப்பது பெயர் ஒன்றுதான்.

காசிநாதுனி நாகேசுவர ராவ் பந்துலு 1893-ல் பம்பாயில் ஒரு வலிநிவாரணத் தைலத்தை விற்க ஆரம்பித்தார். சங்கீதக் கச்சேரிகளில் வந்தவர்களுக்கெல்லாம் அதை இனாமாகக் கொடுத்தார் என்பார்கள். தைலம் இனாம், ஆனால் அதோடு ஒரு பெயரும் வீடுவரை போயிற்று. பிறகு தொழில் சென்னைக்கு வந்தது. தலைமுறைகள் மாறின. அமிர்தாஞ்சனம் என்ற பெயர் மட்டும் மாறவில்லை. தலைவலிக்குத் தைலம் வேண்டும் என்று சொல்லாமல், "அமிர்தாஞ்சனம் எங்கே?" என்று கேட்ட பாட்டிமார்களை உங்களுக்கும் தெரிந்திருக்கும்.

இன்னொன்றைப் பாருங்கள். 1956-ல் ஆயுள் இன்ஷூரன்ஸ் தேசியமயமானபோது ஓரியண்டல், லட்சுமி, யுனைடெட் இந்தியா என்று 245 ஸ்தாபனங்கள் ஒன்றாயின. பழைய பெயர்களை அங்கங்கே வைத்துக்கொண்டிருந்தால் ஜனங்கள் குழம்பியிருப்பார்கள். எல்லாக் கிளைக்கும், எல்லா ரசீதுக்கும் எல்.ஐ.சி. என்ற மூன்றே எழுத்துக்கள்! 1959-ல் சென்னை மவுண்ட் ரோட்டில் அதன் உயர்ந்த கட்டடம் திறக்கப்பட்டது. மவுண்ட் ரோடு அண்ணா சாலை ஆயிற்று. சென்னை ராஜ்யம் 1969-ல் தமிழ்நாடு ஆயிற்று. எல்.ஐ.சி. மட்டும் எல்.ஐ.சி.யாகவே இருக்கிறது. இப்போது பூமிக்கடியில் மெட்ரோ நிலையத்துக்கும் அதே பெயர்தான்.

பெரிய ஸ்தாபனங்களுக்குத்தான் இதெல்லாம் என்று நினைக்கவேண்டாம். எனக்குத் தெரிந்த ஊர் ஒன்றில் ஒரு சின்னப் புத்தகசாலை இருந்தது. வாசல் பலகையில் 'வாசகசாலை' என்றிருக்கும். ரசீதில் 'நூல் நிலையம்'. ஆண்டு விழா அழைப்பிதழில் 'படிப்பகம்'. பாங்குக் கணக்கிலோ காலஞ்சென்ற ஸ்தாபகரின் பெயரும் முன்னால் சேர்ந்துகொள்ளும். காரியதரிசி மாறும்போதெல்லாம் பெயரும் கொஞ்சம் மாறும்.

அந்த ஊர் ஆசிரியர் ஒருவர், ஆயுள் முழுதும் சேர்த்த புத்தகங்களையும் கொஞ்சம் பணத்தையும் 'வாசகசாலைக்கு' என்று உயில் எழுதிவிட்டுக் கண்ணை மூடினார். பதிவான பெயர் வேறு. அடுத்த தெருவிலும் ஒரு வாசகசாலை இருந்தது. உறவினர்கள் பிடித்துக்கொண்டார்கள்: "எந்த வாசகசாலை? ருசு எங்கே?" கோர்ட்டுக்குப் போகக் கமிட்டிக்குத் திராணியில்லை. பேச்சு இரண்டு வருஷம் இழுத்தது. கடைசியில் புத்தகங்கள் வந்தபோது, பாதியைச் செல் அரித்திருந்தது.

அந்த ஆசிரியர் மனத்தில் எந்த வாசகசாலையை நினைத்தார் என்பது ஊரில் எல்லாருக்கும் தெரியும். ஆனால் காகிதத்துக்குத் தெரியவில்லையே!

ஆகவே சங்கம் நடத்துகிறவர்களிடம் நான் சொல்வது இதுதான். அழகான பெயராக இருக்கவேண்டுமென்பதில்லை. ஒரே பெயராக இருக்கட்டும். பலகை, ரசீது, பாங்குப் புத்தகம், நோட்டீஸ் எல்லாவற்றிலும் எழுத்துக்கூட மாறாமல் இருக்கட்டும். ஒரே பெயரை எழுதி எழுதி உங்களுக்கு அலுத்துப்போகலாம். ஆனால் முதல் தடவையாக அதைப் படிக்கிறவர் ஒருவர் எப்போதும் இருந்துகொண்டேதான் இருக்கிறார்.