தலைமயிரும் ஒரு கேள்வியும்

தலைமயிரைப் பற்றி இத்தகைய ஓர் இதழில் எழுதப்புகுவது வாசகர் சிலருக்கு நகைப்பை ஊட்டக்கூடும். உழைப்பவரின் கூலியைப் பற்றியும் உணவைப் பற்றியும் எழுதவேண்டிய பேனா வழுக்கையைப் பற்றி எழுதுவதா என்று கேட்போரும் இருப்பர். அக்கேள்வியை நாமும் எம்மிடம் பலமுறை கேட்டுக்கொண்டோம். ஆயினும் உண்மையை மறைப்பதிற் பயனில்லை. 44 வயதில், நெற்றி உச்சிவரை ஏறிவிட்ட நிலையில், கண்ணாடி முன் நிற்கும்போது எமக்கு வருத்தம் உண்டாகிறது. கரும்பலகையின் பக்கம் திரும்பும்போது கடைசி வாங்கிலிருந்து எழும் அடக்கிய சிரிப்பு எதைப் பற்றியது என்பதையும் நாம் அறிவோம். சமுதாய உணர்வுடையவனுக்கு இவ்வருத்தம் தோன்றலாகாது என எந்தச் சித்தாந்தமும் விதித்ததாகத் தெரியவில்லை.

எனினும், எமது தலை எமது வாழ்க்கையைக் குறைக்கவில்லை. ஆசிரியரின் சம்பளம் மயிரை எண்ணிக் கொடுக்கப்படுவதன்று. எம்மிடம் உயர்தரம் கற்ற இளைஞர் ஒருவரின் நிலை வேறு. 22 வயதினரான அவர் கொழும்பிலே கைத்தொலைபேசி விற்கும் கடையொன்றில் வேலைசெய்கிறார். சென்ற ஆண்டு ஆவணி மாத இறுதியிலிருந்து அவருடைய தலைமயிர் பிடிபிடியாகக் கொட்டத் தொடங்கியது. ஒருநாள் முகாமையாளர் அவரை முன்மேசையிலிருந்து எடுத்துப் பின்னறைக் களஞ்சியத்துக்கு மாற்றினார். காரணம் சொல்லப்படவில்லை, சொல்லவேண்டிய அவசியமும் இருக்கவில்லை. முன்மேசையிலே விற்பனைக்குத் தரகுப் பணம் உண்டு, களஞ்சியத்தில் இல்லை. இளைஞரின் தலைமயிர் அவருடைய கூலியோடு முடிச்சிடப்பட்டிருந்தது என்பதை நாம் அப்போதுதான் விளங்கிக்கொண்டோம்.

விடுமுறையில் ஊருக்கு வந்தபோது, மயிர்நடுகைச் சத்திரசிகிச்சை செய்துகொள்ளப்போவதாகக் கூறினார். தாயாரின் காப்புச் சோடியை வங்கியில் அடகு வைப்பதற்கும் ஒழுங்காகிவிட்டது. பின்பு சற்றுத் தயங்கி, "சேர், நீங்களும் வாருங்கோவன். இரண்டு பேராய்ப் போனால் கழிவு இருக்காம்" என்றார். அந்த இளைஞருக்குத் துணையாகப் போவதாக வீட்டிற் சொல்லிக்கொண்டு நாம் புறப்பட்டோம். துணைக்கு மட்டுமே போனோம் எனில் அது பொய்யாகும்.

கொழும்பில் ஒரு மாடிக் கட்டடம், குளிரூட்டிய அறை, சுவர் நிறைய, முன்னும் பின்னும் எடுத்த படங்கள். வெண்மேலங்கி அணிந்த ஒருவர் எம்மிருவர் தலையையும் பார்வையிட்டார். அவர் வைத்தியரா அல்லரா என்பது கடைசிவரை எமக்குத் தெரியவில்லை. பத்து நிமிடத்துள் விடை வந்தது: இருவருக்கும் பொருத்தம். இளைஞருக்கு 3,000 மயிர்க்கற்றைகள், எமக்கு 2,500. தவணை முறையிலும் பணம் செலுத்தலாம். இளைஞரின் நெற்றியிலே மைப்பேனாவால் ஒரு கோடும் வரைந்து காட்டப்பட்டது. திரும்பும் வழியில், பேருந்திலே அயலில் இருந்தவர்கள் பார்க்க, அவர் கைக்குட்டையால் அக்கோட்டைத் தேய்த்துக்கொண்டே வந்தார்.

எம்மை உறுத்தியது விலை அன்று. வயதாலும் வழுக்கையின் வகையாலும் முற்றிலும் வேறுபட்ட இரு தலைகளுக்கு ஒரே விடை எப்படி வந்தது என்பதே எம்மை உறுத்தியது.

இச்சிகிச்சையின் அடிப்படை விளங்கினால் இந்த ஐயம் நியாயமானதே என்பது தெரியவரும். 1939ஆம் ஆண்டில் யப்பானிய வைத்தியர் ஒக்குடா, தீக்காயத் தழும்புகளில் மயிரோடு கூடிய தோற்றுண்டுகளை நட்டு, அது பற்றி எழுதினார். யுத்தம் மூண்டதால் அவ்வெழுத்து மேலைநாட்டாரை எட்டவில்லை. 1952இல் நியூயோர்க் வைத்தியர் நோர்மன் ஓரன்ட்ரைக் வழுக்கைத் தலைக்கு இம்முறையைக் கையாண்டார்; 1959இல் அவர் வெளியிட்ட ஆய்வே இத்துறையின் அத்திவாரம். நட்ட மயிர், சென்ற இடத்தின் குணத்தைப் பெறாது, பிறந்த இடத்தின் குணத்தையே காக்கும் என்பது அவர் கண்ட உண்மை. ஆண்களுக்கு வரும் பரம்பரை வழுக்கையில் முன்தலையும் உச்சியும் ஆண்மைக்குரிய ஓமோனின் தாக்கத்துக்கு இரையாகின்றன. பின்தலையும் காதோரமும் பெரும்பாலும் தப்பிவிடுகின்றன. பின்தலையிற் பிறந்த மயிர் முன்னே நடப்பட்டாலும் உதிராமைக்குக் காரணம் இதுவே. ஆரம்ப காலத்தில் பெரிய துண்டுகளாக நட்டமையால் தலை பொம்மையின் தலைபோலத் தோன்றிற்று. இன்று ஒன்று முதல் நான்கு மயிர்வரை கொண்ட இயற்கைக் கற்றைகளாகவே நடுகின்றனர்.

ஆனால், எடுத்த இடத்தில் மீண்டும் முளைப்பதில்லை. இச்சிகிச்சை ஒரு மயிரையேனும் புதிதாக உண்டாக்குவதன்று. எமது வாசகருக்குப் பழகிய மொழியிற் கூறின், இது உற்பத்தி அன்று, மறுபங்கீடு. பங்கிட ஒரு சேமிப்பு வேண்டும். அச்சேமிப்போ வாழ்நாள் முழுவதற்கும் ஒன்றுதான்.

கொழும்பை விட்டுப் புறப்படுமுன், இளைஞரை ஒருவாறு இணங்கச்செய்து, அரசாங்க வைத்தியசாலை ஒன்றின் தோல்நோய்ப் பிரிவுக்கு அழைத்துச் சென்றோம். காலை ஆறு மணிக்கே வரிசை. சொறிக்கும் தேமலுக்கும் மருந்து வாங்க வந்த கூலியாட்களுக்கும் கைக்குழந்தையோடு நின்ற தாய்மாருக்கும் இடையில் வழுக்கைக்காக நிற்பது எமக்குக் கூச்சமாகவே இருந்தது. எம்மைப் பார்த்த பெண் வைத்தியர் சிங்களமும் தமிழும் கலந்து பேசினார். இளைஞரின் தலையைத் தொடுமுன்பே அவர் கேட்ட முதற் கேள்வி: "கிட்டடியில் காய்ச்சல் வந்ததா?"

ஆனி மாதத்தில் டெங்குக் காய்ச்சலுடன் எட்டு நாள் வைத்தியசாலையிற் கிடந்ததை இளைஞர் அப்போதுதான் கூறினார். மாடிக் கட்டடத்தில் எவரும் அதைக் கேட்கவில்லை. அவரும் அதைத் தலைமயிரோடு தொடர்புபடுத்தி எண்ணவில்லை. வைத்தியர் ஒரு பிடி மயிரை விரல்களுக்கிடையில் மெல்ல இழுத்து, கையோடு வந்தவற்றை எண்ணினார். சிறு ஒளிக்கருவி கொண்டு தோலைப் பார்த்தார். இரும்புச் சத்துக்கும் தைரொயிட் சுரப்பிக்கும் குருதிப் பரிசோதனை எழுதினார். கடுங்காய்ச்சல், மகப்பேறு, பெரும் சத்திரசிகிச்சை, பட்டினி ஆகியவற்றின் பின் இரண்டு மூன்று மாதங்களில் மயிர் தலை முழுவதும் பரவலாகக் கொட்டுமாம், மயிர்க்கால் சாவதில்லையாம், பெரும்பாலானோருக்குத் தானே மீளுமாம். பரம்பரை வழுக்கையின் சாயலும் நெற்றியோரத்தில் இலேசாகத் தெரிகிறது என்றார். ஆனால் 22 வயதில் அது எங்கே போய் நிற்கும் என்று எவராலும் சொல்லமுடியாது. இன்று நெற்றியில் வரிசையாக நட்டுவிட்டால், நட்டவை நிலைத்து நிற்க, அவற்றுக்குப் பின்னுள்ள சொந்த மயிர் ஆண்டுதோறும் பின்வாங்கும். ஈற்றில் நெற்றியோரத்தில் ஒரு தீவு மிஞ்சும். அதை மூடப் பின்தலையிலே சேமிப்பு இராது. மினொக்சிடில், பினாஸ்டரைட் போன்ற மருந்துகள் உள்ளன. அவற்றை விட்டால் பயனும் விட்டுப்போகும். இரண்டாவது மருந்து சிலருக்குப் பாலுறவுத் தொல்லைகளையும் தரலாம். அவற்றையும் இப்போது அவசரமாகத் தொடங்கவேண்டாம் என்றார். வட்டவட்டமாக மயிர் கொட்டும் நோயுள்ளவர்க்கும், தழும்பாக்கும் அழற்சி அடங்காதவர்க்கும், காயம் ஆறிய இடம் தடித்து வளரும் தோலுடையவர்க்கும் கத்தி வைப்பதற்குமுன் மிகவும் யோசிக்கவேண்டும் என்பதையும் அவர் சொல்லத் தவறவில்லை.

பின்பு எமது முறை. வைத்தியர் எமது பின்தலையை நீண்ட நேரம் பார்த்தார். உள்ளூர, "பொருத்தமில்லை" என்ற விடையை நாம் எதிர்பார்த்தோம். அவ்வாறு வந்திருந்தால் எமது ஆசைக்கும் கொள்கைக்கும் இடையிலான வழக்கு அன்றே தீர்ந்திருக்கும். அவரோ, "உங்களுக்குச் செய்யலாம்" என்றார். வழுக்கை ஓரளவு நிலைபெற்றுவிட்டது; பின்தலை அடர்த்தி நன்று; சீனிவருத்தத்தை மட்டும் முதலிற் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவர வேண்டும். இருபது வயது அடர்த்தி திரும்பாது. நட்ட மயிர் சில வாரங்களில் உதிர்ந்து, மூன்று நான்கு மாதங்களின் பின்பே முளைக்கத் தொடங்கும். முழுப்பயனைக் காண ஓர் ஆண்டாகும். "ஆனால் அவசியமா என்று என்னிடம் கேட்காதீர்கள். அது வைத்தியம் அல்ல" என்று கூறிச் சிரித்தார்.

இவ்வளவுக்கும் எம்மிடம் ஒரு சதமேனும் கேட்கப்படவில்லை. பொருத்தமா என்ற கேள்வியை, பொருத்தமென்றால் மாத்திரம் வருமானம் பெறும் ஒருவரிடம் கேட்பதிலுள்ள பேதைமையை அன்று முற்றாக உணர்ந்தோம். மாடிக் கட்டடத்திலுள்ளவர் தீயவராக இருக்கவேண்டியதில்லை. அவருடைய மேசை அவ்விடையைத்தான் தரும். இத்தொழில் பெருகிய நாடுகளில், துருக்கியிலும் பிறவிடங்களிலும், வைத்தியரின் பெயரைப் பலகையில் எழுதி, கத்தியைப் பயிற்சி குறைந்த உதவியாளரிடம் கொடுக்கும் வழக்கம் பற்றி இத்துறை வைத்தியர்களே எச்சரித்து வருகின்றனர். 2016இல் சென்னையில் இச்சிகிச்சையைச் செய்துகொண்ட 22 வயது மருத்துவ மாணவர் ஒருவர் அதை அடுத்து உயிரிழந்தார். அந்நிலையம் முடிதிருத்தகத்துக்குரிய அனுமதியுடனேயே நடந்ததெனப் பத்திரிகைகள் எழுதின. வைத்தியம் கற்றுக்கொண்டிருந்தவருக்கே இக்கதியெனில், கைத்தொலைபேசி விற்பவர் என்ன செய்வார்? சத்திரசிகிச்சை செய்பவரின் பெயரைக் கேட்டு, அது இலங்கை மருத்துவச் சபையின் பதிவேட்டில் உள்ளதா என்று பார்க்கலாம். அப்பெயரைக் கேட்பதற்கும் ஒரு துணிவு வேண்டியிருக்கிறது. அம்மாடிக் கட்டடத்தில் நாம் கேட்கவில்லை.

காப்புச் சோடி அடகுக்குப் போகவில்லை. ஆயின் இளைஞர் களஞ்சியத்திலேயே இருந்தார். தலைமயிர் மீளும் என்று வைத்தியர் கூறலாம். முன்மேசை மீளும் என்று கூற அவரால் இயலாது. அதற்காக முகாமையாளரிடம் பேசுவதற்கு அக்கடையில் ஒரு சங்கமும் இல்லை.

தைப்பொங்கலுக்கு அவர் வீட்டுக்கு வந்தார். வெயிலில் நிறுத்திப் பார்த்தோம். நெற்றியோரமெங்கும், மழைக்குப் பின் முளைத்த புல்லைப்போல, குட்டையான மயிர்கள் நிமிர்ந்து நின்றன. குருதிப் பரிசோதனையில் இரும்புச் சத்துச் சற்றுக் குறைவாம்; குளிசை எடுக்கிறாராம். வேறு கடையொன்றுக்கு விண்ணப்பித்திருப்பதாகவும் சொன்னார்.

"நீங்கள் என்ன முடிவெடுத்தீங்கள், சேர்?" என்று கேட்டார்.

சீனி இன்னும் இறங்கவில்லை என்று சொல்லி, அவருக்குப் பொங்கல் எடுத்துவர உள்ளே போனோம்.