காட்டும் கண்ணாடி, காணும் கண்ணாடி



சென்ற ஷவ்வால் மாதம் வில்லியனூர் சுல்தான்பேட்டையில் நடந்த ஒரு நிக்காஹ் விருந்தில், வெளியூரிலிருந்து வந்திருந்த இளைஞர் ஒருவர் தடித்த கறுப்புச் சட்டமிட்ட மூக்குக்கண்ணாடி அணிந்து, பந்திக்கு உதவும் சாக்கில் ஆண்கள் பகுதிக்கும் பெண்கள் பகுதிக்குமாகப் போய்வந்துகொண்டிருந்தார். சட்டத்தின் ஓரத்தில் வெண்ணிறச் சிறு விளக்கொன்று எரிவதை மணப்பெண்ணின் சின்னம்மா கவனித்துவிட்டார். அது கேமரா என்று தெரிந்ததும் எழுந்த சச்சரவை இங்கே விரிக்க வேண்டியதில்லை. நினைவுக்காகத்தான் படம் எடுத்தேன் என்றார் இளைஞர். அவர் பொய் சொன்னதாக நாம் கருதவில்லை. மறுவாரம் ஜமாஅத் பெரியவர்கள் மூவர் மதரஸாவுக்கு வந்து, "ஹஜ்ரத், இந்த மாதிரிக் கண்ணாடிக்கு மார்க்கத்தில் என்ன சட்டம்?" என்று கேட்டனர்.

ஒரு பொருளைப் பற்றித் தீர்ப்புச் சொல்லுமுன் அப்பொருள் இன்னதென்று உள்ளத்தில் தெளிவாகப் பதிந்திருக்க வேண்டும் என்பது ஃபிக்ஹ் கற்கும் மாணவன் தொடக்கத்திலேயே கேட்கும் விதி. ஆகவே ஒரு மாதத் தவணை கேட்டோம். நம்மிடம் ஓதிவிட்டுப் பின்னர் பொறியியல் படித்து, சென்னையில் இதே துறையில் பணியாற்றும் மாணவர் ஒருவர் விடுமுறையில் வந்தபோது, தலையில் மாட்டும் பெரிய ஹெட்செட் ஒன்றைக் கொண்டுவந்தார். "கண்ணாடி இதன் தம்பிதான் ஹஜ்ரத். அண்ணனைப் புரிந்துகொண்டால் தம்பி புரிந்துவிடும்" என்றார். அஸருக்குப் பின் வகுப்பறையில் அதை மாட்டிக்கொண்டோம்.

எதிரே நம் வகுப்பறையே தெரிந்தது. ஆனால் ரிஹால்கள் அடுக்கியிருந்த பலகைக்கு மேலே பச்சைப் பெட்டி ஒன்று மிதந்தது. எழுந்து சுற்றி நடந்தோம். பெட்டி நின்ற இடத்திலேயே நின்றது, அதன் பின்பக்கமும் தெரிந்தது. இவ்வாறு உள்ள உலகின்மேல் இல்லாத பொருளை ஏற்றிக் காட்டுவதையே ஆக்மென்டட் ரியாலிட்டி என்கின்றனர். தமிழில் மிகை மெய்ம்மை என்று எழுதுகின்றனர். சுண்ணாம்பு அடித்த வெற்றுச் சுவரை நெருங்கியபோது மட்டும் பெட்டி மெல்ல நழுவத் தொடங்கியது. மாணவர் சிரித்துக்கொண்டே நாட்காட்டியையும் தொழுகை நேர அட்டவணையையும் அந்தச் சுவரில் மாட்டினார். பெட்டி நிலைபெற்றுவிட்டது.

இந்தத் துறையின் அடிப்படையை நமக்கு உணர்த்தியது அந்த நாட்காட்டிதான். பெட்டி ஓரிடத்தில் நிற்பதாகத் தோன்ற வேண்டுமானால், நம் தலை எங்கே இருக்கிறது, எந்தப் பக்கம் சாய்கிறது என்பது கருவிக்கு ஒவ்வொரு கணமும் தெரிந்தாக வேண்டும். அசைவையும் சுழற்சியையும் அளக்கும் நுண்ணுணரிகள் உள்ளே உண்டு; கைப்பேசியிலும் அவை உள்ளன. ஆனால் அவற்றின் சிறு பிழைகள் நொடிக்கு நொடி சேர்ந்து பெரிதாகிவிடும். அப்பிழையைத் திருத்தக் கேமராக்கள் தேவை. அவை சன்னலின் மூலை, அலமாரியின் விளிம்பு, நாட்காட்டியின் எழுத்து என அறையில் உள்ள அடையாளப் புள்ளிகளைப் பிடித்துவைத்துக்கொண்டு, அவை எவ்வளவு நகர்ந்தன என்பதிலிருந்து நாம் எவ்வளவு நகர்ந்தோம் எனக் கணிக்கின்றன. அறையின் வரைபடத்தை எழுதிக்கொண்டே அதில் தன் இடத்தையும் குறித்துக்கொள்ளும் இம்முறைக்கு ஸ்லாம் என்று பெயர். வெற்றுச் சுவரில் பிடித்துக்கொள்ள ஏதுமில்லை, அதனால்தான் நழுவல்.

தொலைவை அளப்பதற்கு வேறொரு வழியும் சில கருவிகளில் உண்டு. கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்பு ஒளியைக் கருவியே வெளியே அனுப்பி, அது பொருளில் பட்டுத் திரும்பும் நேரத்தைக் கணக்கிடும். 1 மீட்டர் தொலைவிலுள்ள சுவருக்குப் போய்த் திரும்ப ஒளிக்கு ஏறத்தாழ 6.7 நானோ நொடிதான் ஆகும். அந்த நேரத்தையும் அளந்துவிடுகிறார்கள்.

இதைக் கேட்டதும் இப்னுல் ஹைதம் நினைவுக்கு வந்தார். 965இல் பஸ்ராவில் பிறந்து, கெய்ரோவில் வாழ்ந்து, 'கிதாபுல் மனாழிர்' என்னும் ஒளியியல் பெருநூலை எழுதியவர். அவர் பெயரைச் சொல்லிப் பெருமைப்படுவோர் நம்மில் அதிகம். அவர் நிறுவியது என்ன என்று கேட்டால் பதில் சொல்வோர் குறைவு. கண்ணிலிருந்து கதிர் புறப்பட்டுப் பொருளைத் தீண்டுவதால் பார்வை உண்டாகிறது என்பது யூக்ளிட், தாலமி போன்ற கிரேக்க அறிஞர்களின் கொள்கை. அதை மறுத்து, பொருளிலிருந்து வரும் ஒளி கண்ணுக்குள் நுழைவதால்தான் பார்க்கிறோம் என்று அவர் நிறுவினார். மனிதக் கண்ணைப் பொறுத்தவரை அவர் சொன்னதே உண்மை. ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின் மனிதன் செய்த இயந்திரக் கண்ணோ, கிரேக்கர் எண்ணியவாறே கதிரை அனுப்பிப் பொருளைத் துழாவுகிறது. நம் கண் ஒரு வீட்டுக்குள் எதையும் அனுப்புவதில்லை. இதன் கண் அனுப்புகிறது.

இனி, காட்டும் பக்கம். இதில் இரு வழிகள் உள்ளன. நாம் அணிந்த ஹெட்செட்டில் கண்ணுக்கு முன்னே இருந்தவை திரைகள் மட்டுமே; வெளியுலகம் கேமரா வழியாகவே உள்ளே வந்தது. 2024 பிப்ரவரியில் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த ஆப்பிள் விஷன் ப்ரோவும் இவ்வகைதான். அப்போது அதன் விலை 3,499 டாலர். அதில் 12 கேமராக்கள். கேமரா கண்டதைத் திரைக்குக் கொண்டுவர 12 மில்லி நொடி மட்டுமே எடுப்பதாக அந்நிறுவனம் கூறுகிறது. தாமதம் கூடினால், தலை திரும்பிய பின் உலகம் திரும்பும், தலைசுற்றல் வரும். இன்னொரு தொல்லையும் உண்டு. பெட்டி முழ தூரத்தில் இருப்பதாகக் காட்டினால் நம் இரு கண்களும் அதற்கேற்ப உள்நோக்கித் திரும்புகின்றன; ஆனால் திரையின் பிம்பம் ஒரே தொலைவில் நிலைத்திருப்பதால் கண்ணின் வில்லை வேறு தொலைவுக்குக் குவிகிறது. இரண்டும் ஒத்துப்போகாமல் கண் களைக்கிறது. கால் மணி நேரத்தில் நமக்கு நெற்றி வலித்தது.

மற்றொரு வழி, ஒளி ஊடுருவும் கண்ணாடியின் மேல் பிம்பத்தை ஏற்றுவது. 2016இல் வெளிவந்த மைக்ரோசாப்ட் ஹோலோலென்ஸ் இவ்வகையில் புகழ்பெற்றது. சட்டத்தில் உள்ள சிறு ஒளிமூலத்திலிருந்து புறப்படும் ஒளி, மெல்லிய கண்ணாடித் தகட்டுக்குள் நுழைந்து, உள்ளேயே முட்டி முட்டிப் பயணம் செய்து, கண்ணுக்கு நேரே நுண்வரிகள் பொறித்த இடத்தில் வெளியேறும். இதில் நம்மைக் கவர்ந்த செய்தி ஒன்று: இக்கண்ணாடியால் கறுப்பு நிறத்தைக் காட்ட இயலாது. உள்ள ஒளியோடு ஒளியைக் கூட்டத்தான் அதனால் முடியும், கழிக்க முடியாது. ஆகவே அது காட்டும் பொருளுக்கு உண்மையான நிழல் கிடையாது. வில்லியனூரின் சித்திரை மாத நண்பகலில் தெருவில் இறங்கினால் பிம்பம் வெளிறிப்போகும் என்றார் மாணவர்.

1968இல் அமெரிக்காவில் ஐவன் சதர்லேண்ட் அமைத்த முதல் தலையணித் திரையைக் கூரையிலிருந்து தொங்கவிட வேண்டியிருந்தது. இன்று அது மூக்கின்மேல் அமர்ந்துவிட்டது. இந்தியாவில் ரே-பான் மெட்டா கேமராக் கண்ணாடிகள் 2025 மே மாதம் ரூ.29,900 முதல் விற்பனைக்கு வந்தன. அவற்றில் திரை இல்லை. அவ்வாண்டு செப்டம்பரில் அமெரிக்காவில் வந்த அடுத்த வகையில் வலது வில்லையினுள் சிறு திரையும் சேர்ந்துவிட்டது. தம்பி அண்ணனாகிக்கொண்டிருக்கிறான்.

நம்மை மிகவும் சிந்திக்கவைத்தது உள்நோக்கிய கேமராக்கள். விஷன் ப்ரோ போன்ற கருவிகளில், அணிந்தவரின் கண்மீது அகச்சிவப்பு ஒளியைப் பாய்ச்சி, கருவிழியில் தெறிக்கும் புள்ளிகளைக் கொண்டு பார்வை எங்கே செல்கிறது என்று கணிக்கிறார்கள். இது வேடிக்கைக்காக வைத்த வசதி அன்று. மனிதக் கண் கூர்மையாகக் காண்பது நடுவிலுள்ள மிகச் சிறிய வட்டத்தை மட்டுமே. அந்த இடத்தை மட்டும் துல்லியமாக வரைந்தால் கருவியின் உழைப்பு பெரிதும் குறையும். காரணம் நியாயமானதுதான். ஆனால் விளைவைப் பாருங்கள். நாம் எதை, எவ்வளவு நேரம் பார்த்தோம் என்பது இதுவரை நாமும் நம்மைப் படைத்தவனும் மட்டுமே அறிந்த செய்தி. பார்வையைத் தாழ்த்துமாறு சூரா அந்நூரில் கட்டளை வந்தபோது, அதைக் கண்காணிக்கும் அளவுகோல் எந்த மனிதனிடமும் இருக்கவில்லை. இன்று இருக்கிறது. பயனர் பார்க்கும் இடத்தை, அவர் விரலால் தேர்ந்தெடுக்கும்வரை செயலிகளுக்குத் தருவதில்லை என்று ஆப்பிள் அறிவித்துள்ளது; அது நல்ல ஏற்பாடு. எல்லா நிறுவனங்களும் என்றென்றும் அப்படியே நடக்கும் என்று எண்ண நமக்குத் துணிவில்லை.

ஆக, பெரியவர்கள் கேட்ட கேள்விக்கு நாம் வந்து சேர்ந்த இடம் இதுதான்: இவ்வகைக் கருவி காட்ட வேண்டுமானால் பார்த்தே ஆக வேண்டும். தொலைக்காட்சி நமக்குக் காட்டும். நம்மைப் பார்க்க அதற்குத் தேவையில்லை. இதுவோ கூடத்தின் மூலையை, பாயில் படுத்திருக்கும் பாட்டியை, கதவோரம் நிற்கும் பெண்பிள்ளையை அறியாமல் ஒரு பெட்டியைக்கூட மிதக்கவிட முடியாது. அணிபவர் விரும்பி வாங்குகிறார். எதிரே இருப்பவரை யாரும் கேட்பதில்லை.

இதற்கு நம் மார்க்கத்தில் நேரடியான வழிகாட்டல் உண்டு. ஒருவர் நபி (ஸல்) அவர்களின் வீட்டுக்குள் துளை வழியே எட்டிப் பார்த்த நிகழ்ச்சி புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியுள்ளது. அனுமதி கேட்கும் சட்டம் வந்ததே பார்வையின் பொருட்டுத்தான் என்று அப்போது அண்ணலார் விளக்கினார்கள். நம்மில் பலர் அனுமதி என்றால் வாசற்படியைத் தாண்டுவதற்கு மட்டும் என்றெண்ணுகிறோம்.

நாட்டின் சட்டமோ இவ்விடத்தில் மெலிந்தே இருக்கிறது. தனிமறைவு அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றம் 2017 ஆகஸ்டில் தீர்ப்பளித்தது. 2023இல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் வந்தது. 18 வயது நிரம்பாதோரின் தரவுக்குப் பெற்றோர் இசைவு வேண்டும் என்கிறது. ஆனால் தனி மனிதர் தம் சொந்த, வீட்டு உபயோகத்துக்குச் செய்வதற்கு அச்சட்டம் பொருந்தாது. விருந்தில் நினைவுக்காகப் படம் எடுத்தவரை அது தொடாது. கண்ணாடிக் கேமராவில் பதிந்த முகங்களைக் கொண்டே முன்பின் அறியாதவர்களின் பெயர்களைக் கண்டறிய முடியும் என்பதை 2024இல் ஹார்வர்டு மாணவர் இருவர் செய்து காட்டியிருக்கிறார்கள்.

கருவியே ஆகாது என்று சொல்லிவிட்டால் வேலை எளிது. நாம் அப்படிச் சொல்லவில்லை. 2013இலேயே சென்னையில் ஒரு மருத்துவர் கூகுள் கிளாஸ் அணிந்து அறுவை சிகிச்சை செய்து மற்ற மருத்துவர்களுக்குக் காட்டினார். ஐஐடி மெட்ராஸில் இத்துறை ஆய்வுக்கென எக்ஸ்டிக் என்ற மையமே இயங்குகிறது. நம் பிள்ளைகள் அங்கே போய்ப் படிக்க வேண்டும் என்பதே நம் ஆசை.

நாம் முஃப்தி அல்லர். ஹலால், ஹராம் கேள்வியைப் பெரிய ஆலிம்களுக்கு அனுப்பியிருக்கிறோம். மஹல்லாவுக்கு எழுதிக்கொடுத்தது ஒழுங்கு மட்டுமே. நிக்காஹ் மண்டபத்தின் பெண்கள் பகுதியில் கேமராக் கண்ணாடி உறைக்குள் இருக்க வேண்டும். விளக்கு எரியவில்லை என்பதைச் சாட்சியாக ஏற்க வேண்டாம். அவ்விளக்கைச் செயலிழக்கச் செய்து தருவோரும் உண்டெனச் செய்திகள் வந்துள்ளன. வீட்டில் ஹெட்செட் வாங்கும் அத்தாமார்கள், கருவி அறையை அளக்கத் தொடங்குமுன் அவ்வறையில் இருப்போர் அனைவரிடமும் ஒரு வார்த்தை கேட்க வேண்டும்.

இதைப் பள்ளிவாசலில் வாசித்தபோது எழுந்து நின்றவர், நம் தெருவில் வசிக்கும் ஓய்வுபெற்ற தையற்காரர். சர்க்கரை நோயால் பார்வை பெரிதும் குறைந்தவர். எதிரே உள்ள அச்செழுத்தைப் படித்துக் குரலில் சொல்லும் கேமராக் கண்ணாடி ஒன்றை அவருடைய மகன் வாங்கிக் கொடுத்திருக்கிறார். "இதைக் கழற்றினால் நான் யார் வீட்டுக்கும் போக முடியாது ஹஜ்ரத்" என்றார். நம் தாளில் அவருக்கு இடமிருக்கவில்லை. அங்கேயே ஒரு வரி சேர்த்தோம். அவரோ அதற்கும் காத்திருக்கவில்லை. இப்போதெல்லாம் எந்த வீட்டு வாசலில் நின்றாலும் முதலில் ஸலாம் சொல்கிறார், பதில் வந்ததும், "கண்ணாடி போட்டிருக்கேன், வரலாமா?" என்று கேட்கிறார். உள்ளே சற்று நேரம் அரவம் கேட்கும். பிறகு கதவு திறக்கும்.