நல்ல மனசு மட்டும் போதாது

எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப்பணி முதுகலை) படிக்கிறேன் என்றால், "உதவி செய்ய ரெண்டு வருஷப் படிப்பு எதுக்கு? நல்ல மனசு போதாதா?" என்கிறார்கள். போதாது. செங்கல்பட்டு மாவட்ட இருளர் பழங்குடிக் குடியிருப்புகளில் களப்பணி செய்தால் புரியும். பழங்குடிச் சான்றிதழைத் தாசில்தார் தர முடியாது, கோட்டாட்சியர்தான் தர வேண்டும். முன்பணத்துக்காக அரிசி ஆலையில் குடும்பத்தோடு அடைபட்டவர்களை மீட்க 1976-ஆம் ஆண்டுக் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் இருக்கிறது. மீட்டால் மட்டும் ஆகாது. விடுவிப்புச் சான்றிதழையும் கேட்டு வாங்க வேண்டும். இல்லையென்றால் மறுவாழ்வு உதவிக்கு அலைய வேண்டியதுதான்.

அதற்காக இருளர்களைப் பரிதாபமாகப் பார்க்காதீர்கள். மாசி மகத்தன்று மாமல்லபுரம் கடற்கரையில் கூடி, கன்னியம்மனைக் கும்பிட்டு, மணலிலேயே கல்யாணம் முடிப்பவர்கள். வடநெம்மேலியில் இவர்களுடைய பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் 1978-இல் தொடங்கியது. நாட்டின் விஷமுறிவு மருந்துக்கான விஷத்தில் பெரும்பங்கு அங்கிருந்துதான் போகிறது.

டிகிரி முடித்த தம்பி, தங்கைகளே, இந்தப் படிப்பில் சேருங்கள். களப்பணிக்குச் செங்கல்பட்டுப் பக்கத்தையே கேட்டு வாங்குங்கள்.