அளவு

வியாதிகளுக்குப் பெயர் வைத்தவர்கள் விமர்சகர்களைவிட அதிகக் கேடு செய்திருக்கிறார்கள். சர்க்கரை வியாதி என்று சொன்ன மாத்திரத்தில் பழியெல்லாம் காப்பியில் போடும் சர்க்கரைமேல் விழுந்துவிடுகிறது. இலையில் குவிந்து கிடக்கும் சோறு தப்பித்துக்கொள்கிறது. ரத்தத்துக்கு இந்தப் பாரபட்சம் கிடையாது. சோறு, இட்லி, களி எதுவானாலும் உள்ளே போய்ச் சேருவது குளுகோஸாகத்தான்.

இந்தப் பெயருக்குள் வேறுபட்ட வியாதிகள் ஒடுங்கியிருக்கின்றன என்பது இன்னொரு குழப்பம். ஐம்பது வயதில் பெரும்பாலோருக்கு வருவது இரண்டாம் வகை. எனக்கிருப்பது முதல் வகை. உடம்பின் காவல் அமைப்பே கணையத்தின் பீட்டா செல்களை அழித்துவிட, இன்சுலின் சுரப்பது நின்றுபோகிறது. இனிப்புத் தின்றதற்கான தண்டனை அல்ல இது. ஆங்கில பி.ஏ. இரண்டாம் வருஷம், பத்தொன்பது வயதில் எனக்கு வந்தது. அன்றிலிருந்து தினம் நான்கு ஊசி.

மாவுச்சத்தைக் குறைத்துக் கொழுப்பைக் கூட்டும் உணவுக்கு நான் மாறியபோது அமிர்தியில் பலருக்கும் ஒரே அபிப்பிராயம்தான்: கொழுப்பு. தமிழில் கொழுப்பு ஒரு சத்து மட்டுமல்ல, ஒரு குணமும்கூட. சோறு என்பதோ பிழைப்பு, மானம், விசுவாசம். ஆகவே சோற்றைத் தள்ளிவிட்டு நெய்யில் முட்டை பொரித்துத் தின்கிறவன் ஒரு பதார்த்தத்தை மட்டும் மறுக்கவில்லை. "சோறு வேணான்றவன் வீட்ல லட்சுமி தங்குவாளாடா?" என்றாள் அத்தை. ஜவ்வாது மலையிலிருந்து வந்த சாமையை அவளே ஒரு படி கொண்டுவந்து வைத்தாள், சர்க்கரைக்கு நல்லதென்று. சாமை நல்ல தானியம்தான். ஆனால் நூறு கிராம் அரிசியில் 78 கிராம் மாவுச்சத்தென்றால் சாமையில் சுமார் 65. நார்ச்சத்து இருக்கலாம், மெதுவாக ஏறலாம். கணக்கிலிருந்து தப்ப முடியாது.

இந்த உணவு புதியதுமல்ல. 1797இல் ஜான் ரோல்லோ என்ற ஸ்காட்லாந்து ராணுவ மருத்துவர் ஒரு நீரிழிவுக்காரரை மாமிசமும் கொழுப்புமாகத் தின்ன வைத்தது பற்றி எழுதியிருக்கிறார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவில் ஃபிரெடரிக் ஆலன் இதை இன்னும் இறுக்கிப் பட்டினியாகவே ஆக்கினார். குழந்தைகள் எலும்பும் தோலுமாகி, சில வருஷங்கள் கூடுதலாக உயிரோடு இருந்தார்கள். 1922 ஜனவரியில் டொரான்டோவில் லெனார்டு தாம்ஸன் என்ற பதினான்கு வயதுப் பையனுக்கு முதல் இன்சுலின் ஊசி போடப்பட்டது. அதன்பின் அறுபது வருஷம் இன்சுலின் மாட்டின், பன்றியின் கணையத்திலிருந்துதான் வந்தது. 1982இல்தான் பாக்டீரியாவைக் கொண்டு செய்த மனித இன்சுலின் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. தோல் ஷாப்புகளின் நாற்றத்தில் வளர்ந்த எங்கள் ஜில்லாக்காரனுக்கு இதில் வியப்பு அதிகமிருக்க நியாயமில்லை. மாட்டின் தோல் செருப்பாகிறது. கணையம் ஒரு பையனின் ஆயுளாயிற்று.

இன்சுலின் வந்த பிறகு உணவை ஏன் இறுக்க வேண்டும் என்பது நியாயமான கேள்வி. சென்னையில் டாக்டர் எம். விஸ்வநாதன் 1970களிலும் 1980களிலும் இதற்கு நேர்மாறாக, மாவுச்சத்தும் நார்ச்சத்தும் மிகுந்த உணவையே பரிந்துரைத்தார். சோறு தின்னும் ஜனங்களுக்கு அவர்கள் சாப்பாட்டுக்குள்ளேயே வழி தேடினார். அதை எளிதில் தள்ளிவிட முடியாது. எதிர்த்தரப்பில் நிற்பவர் ரிச்சர்டு பெர்ன்ஸ்டைன். பன்னிரண்டு வயதில் முதல் வகை நீரிழிவு வந்த அமெரிக்க எஞ்சினியர். 1969இல், மருத்துவர்களுக்கு மட்டுமே விற்கப்பட்ட ரத்தச் சர்க்கரைக் கருவியை, மருத்துவரான தன் மனைவியின் பெயரில் வாங்கித் தன்னையே அளந்தார். பிற்பாடு தானும் மருத்துவம் படித்தார். 2025இல் தொண்ணூறு வயதில் இறந்தார். நாளைக்கு 30 கிராம் மாவுச்சத்து என்பது அவர் வகுத்த எல்லை.

அவர் தர்க்கம் ஒரு வங்கிக் குமாஸ்தாவுக்குச் சுலபமாகப் புரியும்: சிறிய தொகையில் பிழையும் சிறியது. 75 கிராம் அரிசிச் சோற்றில் சுமார் 60 கிராம் மாவுச்சத்து. என் கணிப்பு ஐந்தில் ஒரு பங்கு தவறினால் 12 கிராம். என் உடம்பில் ஒரு கிராம் ஏறத்தாழ 4 புள்ளி ஏற்றும். எனவே 48 புள்ளி கோணிப்போகும். பத்து கிராமில் அதே விகிதப் பிழை 8 புள்ளிதான். இது நம்பிக்கை அல்ல, வெறும் பெருக்கல்.

மருத்துவரிடம் சொல்லிவிட்டுத்தான் தொடங்கினேன். அவர் உற்சாகம் காட்டவில்லை, தடுக்கவுமில்லை. சாப்பாட்டு ஊசிகளைக் குறைத்து எழுதினார். இரவில் போடும் அடிப்படை இன்சுலினைத் தொடர்ந்து போட வேண்டும் என்றார். முட்டை, கீரை, வெண்டைக்காய், தேங்காய், நெய், வாரம் இரண்டு நாள் ஆட்டுக்கறி. முதல் வாரம் தலைவலி, காலில் தசைப்பிடிப்பு. உப்பும் தண்ணீரும் கூட்டியதும் விலகின. முட்டைக்கும் கறிக்கும் ஊசியே வேண்டாம் என்பதில்லை. புரதமும் இரண்டு மூன்று மணி நேரம் கழித்து மெதுவாக ஏற்றும். பழைய அளவில் ஊசி போட்டுவிட்டுச் சோற்றை மட்டும் விட்டால் சர்க்கரை தாழும்: நோட்டு எண்ணும் கை நடுங்கும், எண்ணிய எண் மறந்துபோகும். சட்டைப்பையில் குளுகோஸ் மாத்திரை இல்லாமல் நான் பஸ் ஏறுவதில்லை. அது அப்போது உணவல்ல, மருந்து.

2010களின் நடுவில் பேலியோ என்ற பெயரில் இத்தகைய உணவு தமிழ்நாட்டில் பரவியபோது பலருக்கு உடம்பு இளைத்தது, இரண்டாம் வகைக்காரர்கள் சிலருக்கு மாத்திரை குறைந்தது. அந்தச் சந்தோஷம் பிரச்சாரமாக மாறும் இடத்தில்தான் எனக்குப் பயம். ஷூ கம்பெனியில் அப்பர் தைக்கும் ஒரு பெண் கவுண்டரில் பணம் எடுக்க வந்தவர், என் வியாதியைக் கேள்விப்பட்டு, தயங்கிக் கேட்டார்: "சார், சோத்த நிறுத்திட்டா ஊசியும் வேணாமாமே? எம் பொண்ணுக்கு ஒம்போது வயசு." சிறுமிக்கு முதல் வகை. பின்னால் வரிசை நின்றது. "ஊசிய மட்டும் நிறுத்தாதீங்கம்மா. வேற எத மாத்தறதானாலும் டாக்டரக் கேட்டுட்டு மாத்துங்க" என்றேன். சோறில்லாமல் கொழுப்பை எரிக்கும் உடம்பில் கீட்டோன் உண்டாவது சகஜம். இன்சுலினே இல்லாத உடம்பில் அது கட்டுமீறிப் பெருகி ரத்தத்தை அமிலமாக்கும். வாந்தி, மேல்மூச்சு, மரணம். ஒரே சொல்லின் நிழலில் நிற்கும் இந்த இரண்டையும் அந்தத் தாய்க்கு யாரும் பிரித்துச் சொல்லியிருக்கவில்லை.

2018இல் 'பீடியாட்ரிக்ஸ்' இதழில் வந்த ஓர் ஆய்வு, இந்த வழியில் நடந்த 316 முதல் வகைக்காரர்களின் எச்பிஏ1சி சராசரி 5.67 என்றது. நல்ல எண். ஆனால் அவர்கள் தாமே இந்த வழியைத் தேர்ந்துகொண்டவர்கள், ஓயாமல் அளக்க வசதியுள்ளவர்கள். இங்கே 2011இலிருந்து ரேஷனில் அரிசி இலவசம். முட்டையும் நெய்யும் இலவசமில்லை. என் சம்பளம் அனுமதிப்பதை அந்தப் பெண்ணின் கூலி அனுமதிக்காது. அந்தச் சிறுமி வளர வேண்டிய உடம்பு வேறு.

அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பார்கள். அமிர்தி என்ற பெயருள்ள ஊரில் அடிக்கடி காதில் விழும் பழமொழி. இன்சுலினுக்கு இதைவிடப் பொருத்தமான வரி எனக்குத் தெரியாது. அளவுக்குக் குறைந்தாலும் நஞ்சு என்பதை மட்டும் சேர்த்துக்கொள்ள வேண்டும். அந்தப் பெண் மறுமாதமும் வந்தார். ஊசி போடுகிறீர்களா என்று கேட்டேன். "போடறேன் சார், சோறும் அளந்துதான் போடறேன்" என்றார்.